ஒரே தாளில் பல தாள்கள்

வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்து சேரும் மின் வரைபடம் பெரும்பாலும் வெளியூர்க்காரர் கை பட்டதாகவே இருக்கும். ஊருக்கு வடக்கே கோலார் மாவட்டம், கிழக்கே குப்பம், மேற்கே ஓசூர், தெற்கே கிருஷ்ணகிரி. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலை இது. இயந்திரம் கட்டுகிறவர் பெங்களூரு பீன்யாவில் இருக்கலாம், பேனல் போர்டுக்கு வயரிங் செய்யும் பட்டறை ஓசூரில் இருக்கலாம். கடைசியில் அந்தப் பேனல் நிற்கும் இடம் கிருஷ்ணகிரி சாலையோரத்து மாங்கூழ் ஆலையாகவோ, கிரானைட் அறுக்கும் கூடமாகவோ, குருபரப்பள்ளி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையாகவோ இருக்கும். மூன்று இடத்திலும் வெவ்வேறு ஆட்கள் படிக்கிறார்கள். படிப்பதென்னவோ ஒரே வரைபடம்.

மாங்கூழ் ஆலையில் பழத்தைக் கூழாக்கும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அளவில் சற்றுப் பெரிய மோட்டாரை 415 வோல்ட்டில் நேரடியாகத் தட்டிவிட்டால், ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கைத் தொடக்கத்தில் இழுக்கும். அதனால்தான் ஸ்டார்-டெல்டா. முதலில் சுருள்களை ஸ்டாராக இணைத்து ஓட்டினால் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகும், திருப்புவிசையும் அதே அளவு குறையும். மோட்டார் வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றுவார்கள். இதற்கு மூன்று கான்டாக்டர்கள் வேண்டும்: மெயின், ஸ்டார், டெல்டா. இதில் ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் மூன்று ஃபேஸும் முட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, ஸ்டார் கான்டாக்டரின் இயல்பில் மூடியிருக்கும் தொடுமுனை ஒன்றை டெல்டாவின் காயிலுக்கு முன்னால் தொடராகப் போடுவார்கள். டெல்டாவினுடையதை ஸ்டாருக்கு முன்னால். 21, 22 என்று எண்ணிட்ட அந்தச் சின்ன முனைதான் இன்டர்லாக்.

வரைபடத்தில் அந்த முனை இரண்டு குட்டிக் கோடும் ஒரு சாய்கோடும்தான். ஆனால் அதைச் சுற்றி எழுத்துகள் ஈயாய் மொய்க்கும். இது எந்தக் கான்டாக்டருடைய முனை என்ற பெயர். 21, 22 என்ற டெர்மினல் எண்கள். காயில் எந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது என்ற குறுக்குக் குறிப்பு. என்ன வேலை செய்கிறது என்ற விளக்கம். எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற இடக்குறி. தயாரிப்பாளர் பெயர், கேட்டலாக் எண். வயரிங் செய்பவருக்கு வேண்டியது டெர்மினல் எண்ணும் வயர் எண்ணும். ஸ்டோருக்குக் கேட்டலாக் எண் போதும். நள்ளிரவில் ஆலை நின்றுவிட்டால் ஓடிவரும் எலக்ட்ரீசியனுக்குக் குறுக்குக் குறிப்புதான் உயிர். உயரழுத்த இணைப்புக்கு ஒப்புதல் தரும் மின் ஆய்வுத்துறைக்கு இதில் எதுவும் வேண்டாம், சுத்தமான ஒற்றைக்கோட்டுப் படம் இருந்தால் சரி. எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டினால் யாராலும் படிக்க முடியாது.

கணினிக்கு முன்பும் இந்தத் தொல்லை இருந்தது. அப்போது ஒளி ஊடுருவும் பாலியஸ்டர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். மேல் விளிம்பில் துளையிட்டு, உலோகப் பட்டையில் நிற்கும் முளைகளில் மாட்டிவிட்டால் எல்லாத் தாளும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். சுவர்கள் ஒரு தாளில், குழாய்கள் இன்னொன்றில், மின்சாரம் மூன்றாவதில். வேண்டிய தாள்களை மட்டும் சேர்த்துப் பிரதி எடுத்தால் வேண்டியவருக்கு வேண்டிய படம் கிடைத்தது. கட்டடக்கலைக்கு இது நன்றாகவே உதவியது. ஆனால் மின்சுற்றுக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் கட்டடத்தில் பிரிக்க வேண்டியவை பெரிய பெரிய பொருள்கள். மின்சுற்றிலோ ஒரே குறியீட்டுக்குள் இருக்கும் எழுத்துகளைப் பிரிக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் முனையின் பெயரை ஒரு தாளிலும் எண்ணை இன்னொரு தாளிலும் எழுதி, முனை இடம் மாறும்போதெல்லாம் இரண்டையும் அழித்து எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்?

தீர்வின் முதல் பாதி 1963-இல் வந்தது. எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டி.எக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடலாம். அதைவிட முக்கியம், ஒரு உருவத்தை ஒருமுறை மூலமாக வரைந்து வைத்து அதை எத்தனை இடத்திலும் பதிக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பதித்தவை எல்லாம் திருந்தும். இன்றைய வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் பிளாக் என்று சொல்வது இதன் வழித்தோன்றல்தான்.

ஆனால் வெறும் பிளாக் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நமக்கோ உருவம் ஒன்றாகவும் பெயர் வேறாகவும் வேண்டும். கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அச்சடித்தது எல்லோருக்கும் ஒன்றே, உறைமேல் எழுதும் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. அந்த உறைமேல் பெயர்தான் அட்ரிபியூட். மூல பிளாக்கில் ‘இங்கே இந்தப் பெயருள்ள எழுத்து வரும்’ என்று ஒரு வரையறை இருக்கும். பதிக்கும்போது அந்த வரையறையிலிருந்து ஒரு தனி நகல் பிறந்து, அதில் மதிப்பு எழுதப்படும். அச்சகத்தில் பிறகு எதைத் திருத்தினாலும் ஏற்கெனவே எழுதிய உறைகள் மாறாது. அதுபோலவே மூல பிளாக்கில் அட்ரிபியூட்டின் இடத்தையோ லேயரையோ (கணினியில் அந்தப் பாலியஸ்டர் தாளின் இடத்தைப் பிடித்தது இது) மாற்றினாலும் முன்பு பதித்த குறியீடுகளில் அது மாறுவதில்லை. உருவம் திருந்தும், எழுத்து பழைய இடத்திலேயே நிற்கும். புதிதாக வரைபடம் கற்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல சன்னல் இருக்கிறது. ஆட்டோகேடின் முதல் பதிப்பு 1982 டிசம்பரில் வந்தபோதே அதனுடன் டி.எக்ஸ்.எஃப் என்ற கோப்பு வடிவமும் வந்தது. வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு வரியில் ஒரு எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு, இப்படியே இரண்டிரண்டு வரியாகப் போகும். பூஜ்ஜியம் வந்தால் புதுப் பொருள் தொடங்குகிறது. 10, 20 வந்தால் இடம். 62 வந்தால் நிறம். 8 வந்தால் லேயர் பெயர். குறியீட்டைப் பதித்த பதிவு முதலில் வரும், அதற்கென்று ஒரு 8. அதன் பின்னால் அட்ரிபியூட்டுகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு 8. எண் 2-இல் அட்ரிபியூட்டின் பெயர், எண் 1-இல் அதன் மதிப்பு.

இந்த அத்தியாயத்தின் விஷயம் முழுவதும் அந்த எட்டில்தான் இருக்கிறது. குறியீடு ஒரு லேயரில் இருக்க, அதன் பெயர் இன்னொன்றிலும் டெர்மினல் எண் வேறொன்றிலும் இருக்கலாம். இடம் பெயர்த்தால் எல்லாம் சேர்ந்தே நகரும், ஏனென்றால் அவை ஒரே பதிவைச் சேர்ந்தவை. மறைத்தாலோ தனித்தனியே மறையும். பாலியஸ்டர் தாளால் செய்ய முடியாத காரியம் இது.

இதை மின் வரைபடத்துக்கென்றே ஒழுங்குபடுத்தியது வி.ஐ.ஏ டெவலப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள். 2003-இல் ஆட்டோடெஸ்க் அந்நிறுவனத்தை வாங்கியது, அதுவே ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் ஆனது. பழைய மென்பொருளின் தடம் இன்னும் அழியவில்லை. ஒவ்வொரு வரைபடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாக் உட்கார்ந்திருக்கும், அதன் பெயர் ‘டபிள்யூ.டி_எம்’. அந்தத் தாளின் விதிகள் அதற்குள் இருக்கின்றன. குறியீட்டின் கோடுகள் ‘சிம்ஸ்’ லேயருக்கு, பெயர்கள் ‘டேக்ஸ்’ லேயருக்கு, விளக்கம் ‘டெஸ்க்’ லேயருக்கு, டெர்மினல் எண்கள் ‘டெர்ம்ஸ்’ லேயருக்கு, வயர் எண்கள் ‘வயர்நோ’ லேயருக்கு என்ற பட்டியலும் அதில் உண்டு. பெயர்கள் இப்படிக் கட்டையாக இருப்பது ஒரு காலத்தின் மிச்சம். ஆட்டோகேட் 2000 வரும்வரை லேயர் பெயர் 31 எழுத்துக்கு மேல் போக முடியாது, இடைவெளியும் விட முடியாது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் நூலகக் குறியீடுகளை எந்த லேயரில் வரைந்து வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பூஜ்ஜியம் என்ற பெயருள்ள லேயர் ஆட்டோகேடில் தனிச் சலுகை பெற்றது. பிளாக்குக்குள் பூஜ்ஜியத்தில் வரைந்த கோடு, பிளாக்கை எந்த லேயரில் பதிக்கிறோமோ அந்த லேயரின் குணத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் நூலகத்தில் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, பதிக்கும் நேரத்தில் அந்தத் தாளின் விதிப்படி லேயர்களைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஓசூர் வாடிக்கையாளர் ஒருவர் டெர்மினல் எண்ணை ஒரு பெயரில் கேட்கட்டும், பெங்களூரு வாடிக்கையாளர் இன்னொரு பெயரில் கேட்கட்டும், நூலகத்தைத் தொடவே வேண்டாம். தாளின் பட்டியலை மாற்றினால் போதும். குறியீட்டுக்குள்ளேயே லேயரை அடித்து வைத்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய உண்டு. அது முதல் வாடிக்கையாளரோடு நன்றாகத்தான் ஓடும், இரண்டாமவர் வந்ததும் பல்லை இளிக்கும்.

மறைப்பதிலும் வகைகள் உண்டு. லேயரை அணைப்பது ஒன்று, உறையவைப்பது இன்னொன்று. சாதாரணக் கோடுகளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். குறியீடுகளில் அப்படியில்லை. ‘சிம்ஸ்’ லேயரை அணைத்தால் கோடுகள் மட்டும் மறையும், பெயரும் எண்ணும் அந்தரத்தில் நிற்கும். அதையே உறையவைத்தால் வேறு லேயரில் இருக்கும் அட்ரிபியூட்டுகளையும் இழுத்துக்கொண்டு குறியீடு முழுவதுமாக மறையும். மூன்றாவதாக, அட்ரிபியூட்டையே பிறவியிலேயே மறைவானதாக வைக்கலாம். கேட்டலாக் எண் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், தாளில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் பொருள்பட்டியல் எடுக்கும்போது மென்பொருள் அதைப் படித்து எத்தனை கான்டாக்டர், எத்தனை புஷ் பட்டன் என்று எண்ணிவிடும். மறைத்தால் போய்விடாது என்பது இதில் அடிப்படை விதி. தாள் நெருக்கமாகிவிட்டதென்று எழுத்தை அழிக்கிறவர், படத்தை மட்டுமல்ல, வாங்க வேண்டிய பொருளின் கணக்கையும் சேர்த்து அழிக்கிறார்.

பிளாக்கை உடைப்பது இதைவிடப் பெரிய அழிவு. ‘எக்ஸ்ப்ளோடு’ கட்டளை கொடுத்தால் மதிப்புகள் போய், அட்ரிபியூட்டின் பெயர்கள் மட்டும் திரையில் முளைக்கும். கண்ணுக்கே தெரிவதால் ஆள் உடனே பதறிப்போய்த் திரும்ப எடுத்துவிடுவார். ‘பர்ஸ்ட்’ என்ற கட்டளை நல்லபிள்ளை போல மதிப்புகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடும். படம் அச்சு அசலாக அப்படியே இருக்கும், உள்ளே தகவல் செத்திருக்கும். இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

லேயர் சில இடங்களில் காட்டுவது, மறைப்பது என்பதைத் தாண்டி ஒரு நிலையையும் சொல்கிறது. வயரிங் முடிந்த பேனலில் ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் அச்சிட்ட ஃபெரூல் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு வரைபடத்தில் நடுவில் ஒரு வரி சேர்த்து, எல்லா எண்ணையும் மறுபடி தானாகப் போடச் சொன்னால் என்ன ஆகும்? தாளில் 412 என்று இருக்கும் வயர் பேனலில் 409 ஆக இருக்கும். இன்டர்லாக் எது, விளக்குக்குப் போவது எது என்று எலக்ட்ரீசியன் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காகத்தான் நிலைநிறுத்தப்பட்ட எண்களுக்கும் பெயர்களுக்கும் தனி லேயர்கள் இருக்கின்றன. பெயரை நிலைநிறுத்தினால் அட்ரிபியூட்டின் பெயரே ‘டேக்1’ என்பதிலிருந்து ‘டேக்1எஃப்’ என்று மாறும், கூடவே ‘டேக்ஃபிக்ஸ்டு’ லேயருக்குப் போய் நிறமும் மாறும். மென்பொருளுக்கு அந்த ‘எஃப்’ போதும். லேயரும் நிறமும் மனிதக் கண்ணுக்காக. பேனல் பட்டறையை விட்டுக் கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் இந்த லேயருக்கு மாற்றாமல் வரைபடத்தைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டமே போடலாம்.

இதுவரை சொன்னது ஒரே திசையில் போனது: பொருள் அட்ரிபியூட்டில், தோற்றம் லேயரில். வயருக்கு வந்ததும் மென்பொருள் தலைகீழாகிறது. திரையில் இருக்கும் ஒரு கோடு வயரா, வெறும் கோடா என்பதை அது எப்படி அறிகிறது? லேயரைப் பார்த்துத்தான். வயர் லேயர் என்று அறிவித்த லேயரில் கிடந்தால் வயர். அதே கோடு பூஜ்ஜியத்தில் கிடந்தால் அது அலங்காரம், அதற்கு எண் வராது, எங்கிருந்து எங்கே என்ற வயர் பட்டியலிலும் அது இருக்காது. சிவப்பு 2.5 ஸ்கொயர், மஞ்சள் 2.5 ஸ்கொயர், நீலம் 2.5 ஸ்கொயர் என்று நிறமும் குறுக்குவெட்டும் லேயர் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆர்.ஒய்.பி என்று நம் ஊரில் சொல்லும் மூன்று ஃபேஸும் மூன்று லேயர்கள்தான். வயர் வெறும் கோடு, அதில் அட்ரிபியூட் ஒட்டவைக்க இடமில்லாததால் வந்த சமரசம் இது என்று நினைக்கிறேன். அழகான ஏற்பாடென்று சொல்ல முடியாது. ஒருவர் திரையில் பார்க்க வசதியாக இருக்கட்டுமென்று கோட்டை வேறு லேயருக்குத் தள்ளினால், தெரியாமலே வயரின் நிறத்தையும் தடிமனையும் மாற்றியவர் ஆகிறார். நிறத்துக்கென்று வேண்டுமானால் லேயரின் நிறத்தை மாற்றலாம், கோட்டின் லேயரை மாற்றக் கூடாது.

எல்லைப்புறத் தொல்லை இனித்தான். அமெரிக்க வழக்கப்படி வரைகிறவர்கள் ஜே.ஐ.சி குறியீடுகளைப் பயன்படுத்துவார்கள், ஏணிப்படம் வரைந்து வரி எண்ணையே பெயரில் சேர்ப்பார்கள். ஐரோப்பிய வழக்கத்தில் ஐ.இ.சி குறியீடுகள். அங்கே பொருளுக்கு முன்னால் கழித்தல் குறி, இடத்துக்கு முன்னால் கூட்டல் குறி, செயல்பாட்டுக்கு முன்னால் சமக்குறி. பழைய ஜெர்மன் முறையில் கான்டாக்டருக்கு ‘கே’ எழுத்து. ஐ.இ.சி 81346-இன் இரண்டாம் பகுதி 2009-இல் வந்தபோது மோட்டாரை இயக்கும் கான்டாக்டர் ‘கியூ’ ஆனது, சமிக்ஞை ரிலே ‘கே’யாக நின்றது. ஜெர்மன் இயந்திரத்தின் படத்தையும் உள்ளூர்க் கன்வேயரின் படத்தையும் ஒரே கோப்பில் ஒட்டும் வேலை இந்த வட்டாரத்தில் வந்துகொண்டே இருக்கும்.

ஒட்டும்போது இரண்டு விஷயங்கள் சத்தமில்லாமல் நடக்கும். ஒன்று, இரண்டு கோப்பிலும் ஒரே பெயரில் லேயர் இருந்தால், வந்து சேர்கிறவை ஏற்கெனவே இருக்கும் லேயரின் நிறத்தையும் கோட்டுவகையையும் எடுத்துக்கொள்ளும். இது பெரிய கேடில்லை. இரண்டாவதுதான் கேடு. ஜே.ஐ.சி நூலகத்திலும் ஐ.இ.சி நூலகத்திலும் புஷ் பட்டனுக்கு ஒரே கோப்புப் பெயர். முதல் எழுத்து கிடையா நெடுக்கா என்பது, அடுத்த இரண்டு எழுத்து வகை, அடுத்த எண் மூலமா அதன் துணைமுனையா என்பது, கடைசி எண் திறந்ததா மூடியதா என்பது. ஒரே இலக்கணம் என்பதால் ஒரே பெயர். ஆட்டோகேடோ ஒரு வரைபடத்தில் ஒரு பெயருக்கு ஒரே வரையறையைத்தான் வைத்துக்கொள்ளும், முதலில் வந்ததே ஆளும். ஐ.இ.சி படத்தை ஜே.ஐ.சி தாளில் ஒட்டினால் ஐரோப்பியப் பட்டன் அமெரிக்கப் பட்டனாக உருமாறி, அட்ரிபியூட் எழுத்துகள் மட்டும் பழைய ஐரோப்பிய இடங்களில் தொங்கும். எழுத்து கோட்டின்மேல் ஏறி நிற்பதைப் பார்த்து லேயரைக் குறை சொல்வார்கள். குற்றம் பெயரில். மொத்தமாக மாற்ற வேண்டுமென்றால் பிளாக்கை மாற்றியமைக்கும் அதற்கான கருவி இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்துவது வீண்.

இங்கே இன்னொரு அடுக்கும் வேண்டியிருக்கிறது: மொழி. வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். பொறியாளருக்கு ஆங்கில விளக்கம் வேண்டும், ஆலையில் இயக்குபவருக்கு ‘அவசர நிறுத்தம்’ என்றிருந்தால் நல்லது. ஒரே குறியீட்டுக்கு மூன்று விளக்க வரிகள் வரை வைக்க ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் இடமுண்டு. மூலக்குறியீட்டின் விளக்கத்துக்கு ஒரு லேயரும் துணைமுனையின் விளக்கத்துக்கு வேறொரு லேயரும் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன. அதே வழியில் தமிழுக்கென்று தனி அட்ரிபியூட், தனி லேயர் என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கல் எழுத்துருவில். ஆட்டோகேடின் பழைய எஸ்.எச்.எக்ஸ் எழுத்துருக்கள் பேனா பிளாட்டர் காலத்தவை, கோடுகளால் ஆனவை, அவற்றில் தமிழ் வராது. ட்ரூடைப் எழுத்துரு வேண்டும். அப்போதும் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிடுகிறார்கள். திரையில் தமிழ், அட்ரிபியூட்டுக்குள்ளே ரோமன் எழுத்துகளின் குப்பை. எக்செல்லுக்கு எடுத்துப் பெயர்ப்பலகை அச்சிடக் கொடுக்கும்போது குட்டு வெளிப்படும். ஆட்டோகேட் 2007-இலிருந்து யூனிகோடை ஏற்கிறது. லதாவோ வேறு யூனிகோட் எழுத்துருவோ போட்டால் உள்ளேயும் தமிழாகவே இருக்கும்.

கடைசியில் இதெல்லாம் பெரும்பாலும் பி.டி.எஃப் ஆகத்தான் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்கிறது. 2003-இல் வந்த பி.டி.எஃப் 1.5 பதிப்பிலிருந்தே அந்தக் கோப்பு லேயர்களைச் சுமக்க முடியும். ஆட்டோகேடும் அச்சிடும்போது லேயர் தகவலைச் சேர்க்கவா என்று கேட்கும். மேசைக் கணினியில் அக்ரோபேட் போன்ற நிரலில் திறந்தால் பக்கத்தில் லேயர் பட்டியல் தெரியும், தட்டி அணைக்கலாம். கைபேசியில் பி.டி.எஃப் திறக்கும் நிரல்கள் பலவற்றில் அந்தப் பட்டியலே கிடையாது, எல்லாம் ஒன்றாக ஒட்டிய படமாகத் தெரியும். எனவே இப்போதைக்கு வழி பழையதுதான்: வயரிங் செய்பவருக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, ஆலைக்குத் தமிழ் விளக்கத்தோடு ஒன்று என்று லேயர் நிலைகளைப் பெயரிட்டுச் சேமித்துவைத்து, ஒரே வரைபடத்திலிருந்து மூன்று பி.டி.எஃப் எடுத்து அனுப்புவது. கோப்புப் பெயரில் திருத்த எண்ணையும் தேதியையும் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றில் எது புதியது என்ற அடுத்த தகராறு தொடங்கும்.